லோராசெபம் ஊசி: கரைப்பானையும் கணக்கில் வைக்க வேண்டுமா?

ஐசியூ_சிஸ்டர்:
குடியைத் திடீரென்று நிறுத்தியதால் நடுக்கமும் பிதற்றலுமாக வந்த ஒருவருக்கு எங்கள் வார்டில் மூன்று நாளாக லோராசெபம் (நடுக்கத்தையும் ஃபிட்ஸையும் அடக்கும் தூக்க மருந்து) பம்பில் ஓடியது. நாலாம் நாள் ஏபிஜியில் (தமனி ரத்தப் பரிசோதனை) அமிலம் ஏறியிருந்தது, லாக்டேட்டும் (ரத்தத்தில் சேரும் ஒரு அமிலப் பொருள்) கிரியேட்டினினும் (கிட்னி வேலையைக் காட்டும் அளவு) கூட. செப்சிஸ் (தொற்று முற்றிய நிலை) என்று ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள், ஆனால் கிருமியைத் தேடும் கல்ச்சர் டெஸ்டில் ஒன்றும் வளரவில்லை. கடைசியில் ஆஸ்மோலாலிட்டியை (ரத்தத்தில் கரைந்துள்ள பொருட்களின் மொத்தச் செறிவு) அளந்தால், கணக்குப் போட்டு வந்த எண்ணுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம். லோராசெபத்தைக் கரைத்து வைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைகால்தான் காரணம். பம்பை நிறுத்தியதும் எல்லாம் இறங்கிவிட்டது.

பிஜி_டாக்டர்:
சிஸ்டர், ஒரு கேஸை வைத்துப் பயமுறுத்தாதீர்கள். ஃபிட்ஸுக்குப் போடும் 4 மி.கி. என்பது 2 மில்லிதான், அதிலுள்ள கரைப்பானை நல்ல கிட்னி சமாளித்துவிடும். இதைப் படித்துவிட்டு உறவினர்கள் ஊசியே வேண்டாம் என்றால், ஃபிட்ஸ் நிற்காமல் மூளைக்குத்தான் சேதம்.

ஐசியூ_சிஸ்டர்:
ஒரு டோஸைப் பற்றி நான் பேசவே இல்லை டாக்டர். 2 மி.கி. மருந்துள்ள ஒரு மில்லியில் சுமார் 830 மி.கி. கரைப்பான், சிரிஞ்சில் இழுக்கும்போதே கெட்டியாகத்தான் வரும். மணிக்கு 10 மி.கி. ஓட்டினால் 4 கிராமுக்கு மேல், ஒரு நாளைக்கு சுமார் 100 கிராம். சலைனை மில்லி மில்லியாக எழுதுகிற சார்ட்டில் இது எங்கே இருக்கிறது?

மருந்தகம்_மதுரை:
சிஸ்டர் சொல்வது சரி. கிளைகாலில் ஒரு பகுதியைக் கல்லீரல் லாக்டேட்டாக மாற்றுகிறது, மீதி சிறுநீரில் போக வேண்டும். அதனால் கிட்னி பழுதானவருக்குத் தேங்கிக்கொண்டே போகும். ஃபிட்ஸுக்குப் போடும் ஃபெனிடாயின் ஊசியிலும் இது 40 சதவீதம் உண்டு, நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் ஏற்றினால் பிரஷர் விழும். அதற்கு மாற்றான ஃபாஸ்ஃபெனிடாயினில் கிளைகால் கிடையாது, ஆனால் விலை அதிகம்.

பிஜி_டாக்டர்:
பிரஷர் விழுவதில் ஃபெனிடாயினுக்கும் பங்கு உண்டு, பழியை முழுக்கக் கரைப்பான் மேல் போட முடியாது. நாள் கணக்கில் ஓட்டுவதாக இருந்தால் லோராசெபம் வகையிலேயே உள்ள மிடாசோலம் போதும், அதில் கிளைகால் இல்லை. சின்ன ஆஸ்பத்திரியில் ஆஸ்மோலாலிட்டி அளக்க மெஷினுக்கு எங்கே போவது?

ஐசியூ_சிஸ்டர்:
கிட்னி போனவருக்கு மிடாசோலமும் தேங்கும் டாக்டர், அதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. மெஷின் இல்லாத இடத்தில் லாக்டேட்டையும் பைகார்பனேட்டையும் (அமிலம் ஏறினால் குறையும் உப்பு) தினம் பாருங்கள். நாங்கள் இப்போது பம்ப் லேபிளில் மருந்தின் மி.கி.க்குக் கீழே கரைப்பான் எத்தனை கிராம் என்றும் எழுதி ஒட்டுகிறோம். போன வாரம் ராத்திரி ஷிஃப்டில் அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்துத்தான் டாக்டரை எழுப்பினேன்.