மாக்கியவெல்லியின் 'ஆர்த்தே'க்குத் தமிழில் என்ன போடுவது?

வணக்கம். இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி 1521-இல் வெளியிட்ட 'போர்க்கலை' நூலின் முன்னுரையையும் முதல் பகுதியையும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்காகத் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: நூலின் தலைப்பிலேயே வரும் 'ஆர்த்தே' (arte). இத்தாலியில் இது கலையையும் குறிக்கும், பிழைப்புக்கான தொழிலையும் குறிக்கும். சனிக்கிழமை வாசிக்க வேண்டும்.

படையில் சேர்ந்தவன் உடை, பழக்கம், குரல் எல்லாம் மாறி ஊராரிடமிருந்து விலகிப்போகிறான், பழங்காலத்தில் குடிவாழ்வும் படைவாழ்வும் இப்படிப் பிரிந்திருக்கவில்லை என்பது முன்னுரையின் வாதம். அப்புறம் உரையாடலாக அமைந்த முதல் பகுதியில், அதில் முக்கியமாகப் பேசும் படைத்தலைவர் ஃபாப்ரிசியோ கொலோன்னா, நல்லவன் எவனும் போரைத் தன் 'ஆர்த்தே'யாகக் கொள்ள மாட்டான், குடியரசோ முடியரசோதான் கொள்ளலாம் என்கிறார். (சொல்கிறவரே கூலிக்குப் படை நடத்தியவர்!)

'கலை' தலைப்புக்குப் பொருந்துகிறது. கொலோன்னாவின் பேச்சில் கூலியின் வாடையே இல்லாமல் போகிறது. 'போர்த்தொழில்' என்றால் நம் காதில் பெருமையாக விழுகிறது. 'பிழைப்பு' தனிமனிதனுக்குச் சரி, அரசுக்கு ஒட்டாது. 'வித்தை' போட்டால் சிலம்பம்தான் நினைவுக்கு வருகிறது. மாக்கியவெல்லியின் ஊரான பிளாரன்ஸில் கம்பளித் தொழில் சங்கத்துக்கும் 'ஆர்த்தே' என்றே பெயர். பார்த்த இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இடத்துக்கு இடம் சொல்லை மாற்றித் தப்பித்துவிட்டன.

தலைப்பிலும் கொலோன்னாவின் பேச்சிலும் மாறாமல் நிற்கக்கூடிய ஒரே தமிழ்ச் சொல் எது?