மேலவீட்டுக் குழு: ஞாயிற்றுக்கிழமை நிச்சயமும் வருகிற மழையும்

புதன்கிழமை

மாலை 6.42 – அம்மா: கடலில் தாழ்வுப் பகுதி உருவாகிறது என்று செய்தியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கவிதா நிச்சயத்துக்கு வாசலில் பந்தலா, மண்டபமா? பந்தல்காரர் இன்று இரவுக்குள் பதில் கேட்கிறார்.

6.44 – சீர்காழி அத்தை: மண்டபம்.

6.44 – கார்த்தி: வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறையா?

6.45 – சீர்காழி அத்தை: போய்ப் படிடா.

6.47 – அப்பா: பந்தலே போதும். கீற்று இல்லை, தகரம்தான் போடச் சொல்லியிருக்கிறேன். ஐம்பது பேருக்கு எதற்கு மண்டபம்?

6.48 – அம்மா: மாப்பிள்ளை வீட்டார் மட்டுமே ஐம்பது பேர்.

6.58 – பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். தாழ்வுப் பகுதி தென்மேற்கு வங்கக்கடலில் உருவாகி, மேற்கு வடமேற்காகத் தமிழகக் கரையை நோக்கி வரும் என்று சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அறிவித்திருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்துக்கு மழை எச்சரிக்கை வெள்ளி மஞ்சள், சனி ஆரஞ்சு, ஞாயிறு மஞ்சள். மஞ்சள் என்றால் 7 முதல் 11 செ.மீ. வரை. ஆரஞ்சு 12 முதல் 20 வரை. அதற்கு மேல் சிவப்பு. ‘ஓரிரு இடங்களில்’ என்று போட்டிருக்கிறார்கள். மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில்தான் அந்த அளவு பதிவாகும் என்று பொருள். தரங்கம்பாடியில் கொட்டும்போது குத்தாலத்தில் தூறலோடு போகலாம்.

6.59 – அப்பா: அப்படிச் சொல்லுங்கள் அண்ணே. நமக்குத் தூறல்தான்.

7.00 – பெரியப்பா: நான் இன்னும் முடிக்கவில்லை.

7.01 – சென்னை மாமா: சனிக்கிழமை பகல் ரயில் சோழனில் வரட்டுமா, இரவு ரயில் உழவனில் வரட்டுமா?

7.01 – செல்வி அக்கா: சோழன்.

7.09 – பெரியப்பா: முக்கியமான விஷயம் இதுதான். வானிலைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. சனிக்கிழமை ஆரஞ்சு என்றால் ஞாயிறு காலை 8.30 வரை பெய்வதும் அதில்தான் சேரும். வடகிழக்குப் பருவமழை கரையோர மாவட்டங்களில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் பெரும்பாலும் வலுக்கும். நமக்கு முகூர்த்தம் பத்தரைக்கு. அடுப்பு மூட்டுவது நான்கு மணிக்கு. பத்தரைக்கு வெயில் அடித்தாலும் சமையல் நடக்கிற நேரத்தில் கொட்டும். தகரம் போட்டாலும் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். சீர்காழியில் 2022 நவம்பரில் 44 செ.மீ. பெய்ததும் 11-ஆம் தேதி காலை முதல் 12-ஆம் தேதி காலை வரையிலான கணக்குதான்.

7.10 – சீர்காழி அத்தை: அந்த இரவை எனக்குச் சொல்லித்தர வேண்டாம் அண்ணே. அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

7.12 – சீர்காழி அத்தை: 2008-இல் நிஷா புயல் நேரத்தில் என் கல்யாணத்துக்கு மண்டபம் வேண்டாம் என்று சொன்னது யார்? பந்தல் துணி வயிறு தள்ளித் தொங்கியது. மூங்கிலால் ஒருவர் குத்திவிட, அத்தனை தண்ணீரும் மணவறைமேல். கூறைப்புடவைச் சாயம் மாப்பிள்ளையின் வேட்டியில் முழங்கால் வரை ஏறியிருந்தது.

7.13 – செல்வி அக்கா: அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது 😄

7.14 – பெரியப்பா: அன்றைக்கு நம் அப்பா கையில் பணம் இல்லை தங்கச்சி. நான் வேண்டுமென்று சொல்லவில்லை.

7.15 – சீர்காழி அத்தை: சரி, விடுங்கள்.

7.21 – அப்பா: இங்கே கீழப்பங்கில் ஒன்றரை ஏக்கர் குறுவை இன்னும் நிற்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

7.24 – பெரியப்பா: நாளைக்கே அறுத்துவிடு. வெள்ளிக்குப் பிறகு வெயில் பார்க்க முடியாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கமாட்டார்கள். பிறகு சாலையோரம் தார்ப்பாய் போட்டுக் காவல் இருக்க வேண்டியதுதான்.

7.26 – அப்பா: டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, சேறாக இருக்கிறது. பெல்ட் வண்டிக்குச் சொல்லி மூன்று நாள் ஆகிறது. உங்கள் பங்கைக் குத்தகைக்கு எடுத்தவர் மதகுப் பக்கம் வரப்பை உயர்த்திவிட்டார். வடிகாலில் ஆகாயத்தாமரை கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது. என் வயல் தண்ணீர் எங்கே போகும்?

7.27 – பெரியப்பா: அதைப் போனில் பேசலாம்.

7.27 – அப்பா: போனை எடுத்தால்தானே.

7.28 – அம்மா: பெண்ணுக்கு நிச்சயம். இதை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

7.30 – கவிதா: அப்பா, எனக்கு எங்கே நடந்தாலும் சரி. சாப்பிட வருகிறவர்கள் நனையக் கூடாது. அவ்வளவுதான்.

7.31 – சென்னை மாமா: பொன்னான வார்த்தை. மண்டபத்துக்கு முன்பணம் எவ்வளவு அத்தான்? பாதியை நான் போடுகிறேன்.

7.32 – அப்பா: யாரும் போட வேண்டாம்.

7.33 – சீர்காழி அத்தை: தொடங்கிவிட்டது.

7.36 – அம்மா: மண்டபத்தில் விசாரித்துவிட்டேன். நாளை இரவு வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். பந்தல்காரரிடமும் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

7.38 – பெரியப்பா: அதுதான் சரி. நாளை மதியம் புதிய அறிவிப்பு வரும். நான்கு நாள் முன்னால் சொல்வதைவிட மூன்று நாள் முன்னால் சொல்வது திருத்தமாக இருக்கும். தாழ்வுப் பகுதி ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டால் நமக்கு மழை குறைந்துவிடும். ஆனால் சமையலை மட்டும் எப்படியும் மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7.39 – அப்பா: சமையல் அங்கே, நிச்சயம் இங்கேயா?

7.40 – செல்வி அக்கா: சீர்வரிசைத் தட்டுக்கு மேலே போட பாலிதீன் தாள் வாங்கி வைத்துவிட்டேன்.

7.41 – சென்னை மாமா: சோழனில் டிக்கெட் போட்டாயிற்று. திங்கட்கிழமை திரும்புகிறோம்.

7.42 – சீர்காழி அத்தை: அடுத்த வாரம் ஐப்பசிக் கடைசி நாள், கடைமுகம். இருந்து காவிரியில் முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாமே?

7.43 – சென்னை மாமா: விடுப்பு கிடைக்காது.

7.44 – கார்த்தி: எனக்கு?

7.52 – பெரியப்பா: தம்பி, குத்தகைக்காரரிடம் இப்போதுதான் பேசினேன். காலையில் மதகடியில் வரப்பை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். நீயும் போய் நின்று பார்.

7.58 – அப்பா: சரி அண்ணே. பெல்ட் வண்டிக்காரர் இன்னும் போனை எடுக்கவில்லை. செம்பனார்கோயில் பக்கம் யாரிடமாவது வண்டி இருந்தால் உடனே எண்ணை அனுப்புங்கள்.