புதுச்சேரியிலிருந்து அந்தமானுக்குப் பாய்மரப் படகில்: எந்த மாதத்தில் புறப்படுவது?

கேள்வி (கடலூர்)

வணக்கம். நானும் தம்பியும் நண்பர் ஒருவரும் 36 அடிப் பாய்மரப் படகில் புதுச்சேரியிலிருந்து போர்ட் பிளேருக்குச் சென்று, ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கிடையே சில வாரங்கள் சுற்றிவிட்டுத் திரும்ப விரும்புகிறோம். கரையோரமாகச் சென்னை வரை ஓட்டிய பழக்கம் எங்களுக்கு உண்டு. கரை கண்ணுக்குத் தெரியாத கடலில் இரவு பகலாக ஓட்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு சனவரியில் புறப்படலாமா? குடிநீர், அனுமதி ஆகியவை குறித்தும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (புதுச்சேரி)

சனவரியில் வானம் தெளிந்துவிடும் என்பது சரிதான். ஆனால் உங்களைத் தடுக்கப் போவது மழையன்று, காற்று. போர்ட் பிளேர் நமக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, 750 கடல் மைலுக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. தை மாதத்தில் வங்கக் கடலில் வீசுவது வடகிழக்குக் காற்று. பாய்மரப் படகு காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகைக்குள் நெருங்கி ஓட முடியாது என்பதால், முழுப் பயணமும் அந்த எல்லையிலேயே, ஒரு பக்கம் சாய்ந்து, படகின் முன்பகுதியான அணியத்தில் அலையை வாங்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். காற்று சற்றே கிழக்குப் பக்கம் திரும்பி, கொண்டலாக வீசத் தொடங்கினால், வளைந்து வளைந்து ஓடித்தான் முன்னேற முடியும். அப்போது 750 மைல் 1,000 மைலைத் தாண்டிவிடும். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஆறு ஏழு நாளில் முடிய வேண்டிய ஓட்டம் ஒன்பது நாளைக் கடக்கும். முதன்முறை கடலுக்குள் இறங்குபவர்களின் உடம்பு இதைத் தாங்காது.

மாசியில் காற்று தளர்ந்துவிடும். என் கருத்தில் நீங்கள் பிப்ரவரி இறுதியில் புறப்பட்டு, சித்திரை பிறப்பதற்குள் திரும்பிவிடுவதே நல்லது. காற்றே இல்லாத நாள்களும் வரும் என்பதால் டீசலைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்கள் மீண்டும் புயல் காலம். மழைக்காலப் புயலும் நாம் நினைக்கும் தேதியில் முடிவதில்லை. 2011இல் தானே புயல் டிசம்பர் 30ஆம் தேதிதான் நம் கரையைக் கடந்தது என்பதைக் கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுமொழி (கடலூர் முதுநகர்)

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதை மறந்துவிடாதீர்கள். மீன்பிடிப் படகு தாண்டும் இடத்தில் ஆழமான அடிப்பலகை கொண்ட உங்கள் படகு தட்டி நிற்கலாம். நீர் வற்றும் நேரத்தில் ஆற்றுநீர் வெளியே பாய, எதிரே கடலலை வந்து மோதினால் அங்கே அலை செங்குத்தாக எழுந்து உடையும். அதனால் நீர் ஏறும்போதே வெளியேறுங்கள். அதற்கு முதல் நாள் அங்குள்ள மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆழத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.

மறுமொழி (புதுச்சேரி, கப்பல் துறையில் பணியாற்றியவர்)

நண்பர்கள் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். போர்ட் பிளேர் துறைமுகம் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் நீங்கள் ரட்லண்ட் தீவுக்கும் சிறிய அந்தமானுக்கும் இடையிலுள்ள டங்கன் கணவாய் வழியாகச் சுற்றி அங்கே போவதே நல்லது. அந்த வழிக்குச் சற்று வடமேற்கே வடக்கு சென்டினல் தீவு இருக்கிறது. அதைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் நுழைவதைச் சட்டம் தடை செய்கிறது. அங்கு வாழும் மக்களின் உயிருக்கு நம் சளி, காய்ச்சல்கூட ஆபத்தானது என்பதால் இந்த எல்லையை மனப்பூர்வமாக மதிக்க வேண்டும். அப்பகுதியைப் பகலில் கடக்கும்படி வேகத்தைத் திட்டமிடுங்கள். நிக்கோபார் தீவுகள் பெரும்பாலும் பழங்குடியினருக்காக ஒதுக்கப்பட்டவை. அவற்றைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். பயணத் திட்டத்தைத் துறைமுக அதிகாரிகளிடமும் கடலோரக் காவல்படையிடமும் எழுத்தில் கொடுத்துவிட்டே கிளம்புங்கள்.

துரயா, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிகளை உரிமமின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவியை வாங்கிப் படகின் பெயரில் பதிவு செய்துகொள்ளுங்கள். கரையில் இருக்கும் குடும்பத்தாரிடம் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு, பத்து நாளுக்கு 120 லிட்டரும் அதற்கு மேல் பாதியும் ஏற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் நிரப்ப வேண்டாம். ஒரு பங்கைக் கேன்களில் தனியே வைத்திருங்கள். இரவுக் காவலை மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். நம் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தபோது இருவர் மட்டுமே மாறி மாறிப் படகைப் பார்த்துக்கொண்டார்கள். மூவர் இருக்கும் உங்களுக்கு ஒழுங்காகத் தூங்க நேரம் கிடைக்கும்; அதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு காவல் மாறும்போதும் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை, கப்பியில் படும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். நாள்கணக்கில் ஒரே பக்கமாக ஓடும் படகில் அந்த ஒரு விரற்கடை மட்டும் தேய்ந்து, நார் பிரிந்து சொரசொரப்பாகிவிடும். ஒரு சாண் இழுத்தோ தளர்த்தியோ இடத்தை மாற்றிவிட்டால் கயிறு போர்ட் பிளேர் வரை தாங்கும்.