புதுப்பிப்பு: டெக்சஸில் ஷார்ட் சேலுக்குப் பின் மீதிக் கடன்

வாடகைக்கு விட்டிருந்த வீட்டை ஷார்ட் சேலில், அதாவது வங்கியின் சம்மதத்தோடு கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்றால், மீதிக்கு வங்கி துரத்துமா என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வீடு விற்றாகிவிட்டது, மீதி 38,000 டாலர் தள்ளுபடி. கைகொடுத்தது, "வங்கியோட ஒப்புதல் கடிதத்தை வரிவரியா படிங்க" என்ற யோசனைதான். முதல் கடிதத்தில் 'அடமானம் விடுவிக்கப்படும்' என்று மட்டும் இருந்தது. அது வீட்டின் மேலுள்ள பிடியைத்தான் விடும், என் மேலுள்ள கடனை அல்ல. திரும்பத் திரும்பக் கேட்டபின் வந்த இரண்டாவது கடிதத்தில்தான் 'மீதித் தொகையை வசூலிக்கமாட்டோம்' என்ற வரி. அதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

எதிர்பாராதது: ஜனவரியில் வங்கியிடமிருந்து 1099-சி, அதாவது தள்ளுபடியான கடனைக் காட்டும் வரிப் படிவம். தள்ளுபடியான தொகை வருமானக் கணக்கில் வருமாம்! தள்ளுபடிக்குச் சற்றுமுன் என் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிட 45,000 டாலர் அதிகம் என்பதால், அந்த விலக்கைக் கோரும் 982 படிவத்தை வரிக் கணக்கோடு இணைத்து வரி விலக்குப் பெற்றேன்.

ஷார்ட் சேல் இல்லாமல் வீடு வங்கியின் ஏலத்துக்குப் போயிருந்தால், மீதிக்கு வழக்குப் போட இங்கே வங்கிக்கு 2 வருட அவகாசம் உண்டு.