பீச்சி ஹெட் மராத்தானுக்கு இன்னும் ஆறு வாரம்: முழங்கால் வலியோடு ஓடலாமா?

கேள்வி: வெள்ளைப்பாறை

வணக்கம். லண்டனில் வசிக்கும் நாங்கள் நால்வர், அக்டோபர் கடைசியில் ஈஸ்ட்போர்னில் நடக்கும் பீச்சி ஹெட் மராத்தானுக்குக் கடந்த குளிர்காலத்திலேயே பெயர் பதிந்து, தங்கும் அறைக்கும் பணம் கட்டிவிட்டோம். நால்வரும் சேர்ந்தே ஓடிச் சேர்ந்தே முடிப்பது என்பதுதான் அப்போது பேசிக்கொண்டது. மூன்று வாரங்களுக்கு முன்பு 26 கி.மீ. பயிற்சி ஓட்டத்தின்போது எனக்கு வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் கத்தியால் கீறுவது போன்ற வலி தொடங்கியது. அன்றிலிருந்து எப்போது ஓடினாலும் முதல் 7 கி.மீ. வரை எந்தத் தொந்தரவும் இல்லை. எட்டாவதில் வலி தலைகாட்டுகிறது, பத்தாவதில் நின்றே ஆக வேண்டியிருக்கிறது. நடக்கத் தொடங்கினால் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. மாடிப்படி இறங்கும்போது குத்துகிறது. வீக்கம் எதுவும் இல்லை.

“மெதுவாகப் போவோம், வலித்தால் நடப்போம்” என்கிறார்கள் நண்பர்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள் என்றாலும், அதைக் கேட்கக் கேட்க விலகுவதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு வாரத்தில் இது தேறுமா, மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சரியா என்பதை இந்தப் பாதையையும் இந்த வலியையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: இயன்முறை

நான் இயன்முறை மருத்துவர்; நானும் ஓடுபவன்தான். நேரில் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் குறிப்பிட்ட தூரத்தில் தவறாமல் வருவது, நடந்தால் போய்விடுவது, இறக்கத்தில் கூடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஓடுபவர்கள் ஐ.டி. பேண்ட் என்று சொல்லும் தொடையின் வெளிப்பக்கப் பட்டையால் வரும் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை போகும் அந்தப் பட்டை, முழங்கால் ஏறக்குறைய 30 பாகை மடங்கியிருக்கும் நிலையில் எலும்பின் மேல் அழுத்தமாகப் படிகிறது. அதன் அடியில் இருக்கும், நரம்புகள் நிறைந்த கொழுப்புத் திசு நசுங்குவதால் வலி எடுக்கிறது என்பதே இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். இறக்கத்தில் மெதுவாக ஓடும்போது கால் அந்த நிலையிலேயே அதிக நேரம் இருக்கும். ஆகவே, உங்கள் நண்பர்கள் சொல்லும் “மெதுவாகப் போவோம்” என்ற யோசனை இந்த வலிக்கு மட்டும் அவ்வளவாகப் பொருந்தாது. நடப்பது வேறு, அது பெரும்பாலும் தாங்கும்.

அந்தப் பட்டை மிகவும் தடிப்பானது. தசைகளைத் தேய்க்கும் உருளையால் தேய்த்து அதை நீட்டிவிட முடியாது. வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டு அடிக்கடி சிறு ஓட்டங்கள் ஓடுங்கள், இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்யுங்கள், இரண்டு மூன்று வாரங்களுக்கு இறக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆறு வாரத்தில் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன், நான்கு மாதம் இழுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். வியர்த்து நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தை மேலும் குறைக்கும். தவிர, எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும் ஒரே அடையாளத்தையும் அது மறைத்துவிடும்.

பதில் 2: டவுன்ஸ் கிழவன்

தம்பி, அந்த மராத்தானை நான் நான்கு முறை ஓடியிருக்கிறேன். உண்மையில் பாதிக்கு மேல் நடந்திருக்கிறேன். புறப்பட்ட இடத்திலேயே முடிவதால், மொத்தம் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி அதே அளவு இறங்க வேண்டும். தொடங்கிய உடனே நெஞ்சை முட்டும் புல்மேடு. பிறகு கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஜெவிங்டன், ஆல்ஃபிரிஸ்டன் என்று உள்நாட்டுக் குன்றுகளில் வெகுதூரம் போகும். கடலோரம் கடைசியில்தான் வரும், சிரமமும் அங்கேதான். ஃபிரிஸ்டன் காட்டின் படிக்கட்டுகளைத் தாண்டி எக்சீட்டில் நெடுஞ்சாலையைக் கடந்தால் ‘ஏழு சகோதரிகள்’ என்னும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் தொடங்கும். பெயர்தான் ஏழு, எண்ணினால் எட்டு மேடு வரும். ஒவ்வொன்றையும் செங்குத்தாக ஏறி, உடனே செங்குத்தாக இறங்க வேண்டும். அது முடிந்து பர்லிங் கேப்பில் மூச்சு வாங்கினால், எதிரே 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட் பாறைமுனை நிற்கும். கடைசியில் புல்சரிவில் நேரே கீழே ஓடி முடிக்க வேண்டும். மேலே அந்த மருத்துவர் சொன்னதைப் படித்தபோது, உங்கள் முழங்காலுக்கென்றே யாரோ இந்தப் பாதையைப் போட்டார்களோ என்று தோன்றியது.

மழை பெய்தால் ஈரச் சுண்ணாம்பு சோப்பைப் போல வழுக்கும். கால் தாங்கித் தாங்கி நடப்பவர் விளிம்புப் பக்கமே போகக் கூடாது. அலை அடியில் அரித்து, மேலே புல் மட்டும் அந்தரத்தில் நிற்கும் இடங்கள் அங்கே உண்டு. பாறை அரிப்புக்குப் பயந்து 1999ஆம் ஆண்டில் பெல் டூட் கலங்கரை விளக்கத்தையே அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

எக்சீட்டை உங்கள் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஏழெட்டு மைல், குன்றின் மேல்தான். எக்சீட் வரை வந்த பிறகு வலி இருந்தால், அங்கிருக்கும் போட்டி அலுவலரிடம் விலகுவதாகச் சொல்லிவிட்டு, பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12ஆம் எண் பேருந்தில் ஏறிவிடலாம். சொல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள். இருட்டும் வரை தேடிக்கொண்டிருப்பார்கள்.

பதில் 3: கரையோரம்

எனக்கு வந்தது வேறு வலி. கார்ன்வாலில் ஒரு கடலோரப் போட்டிக்கு முன்பு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகும். இரவில் படுத்தாலும் விண்விண் என்று தெறிக்கும். நண்பர்களின் முகத்துக்காக ஓடினேன். 18ஆவது மைலில் கால் ஊன்ற முடியவில்லை. இரண்டு நண்பர்கள் தோள் கொடுத்து என்னைச் சாலை வரைக்கும் கூட்டிவந்தார்கள். எலும்பில் விரிசல் என்று பிறகு தெரிந்தது, ஆறு வாரம் காலை அசையாமல் பிடித்துவைக்கும் கட்டுக்காலணி. நான் முன்பே விலகியிருந்தால் என் ஓட்டம் மட்டுமே போயிருக்கும். விலகாததால் அந்த இருவரின் ஓட்டமும் போயிற்று. உங்களுக்கும் வலி ஓய்விலோ இரவிலோ வந்தால், அல்லது எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வந்தால், இந்தத் திரியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று: விலகினால் உங்கள் ஓட்ட எண்ணை வேறொருவருக்குச் சும்மா கொடுத்துவிடாதீர்கள். அவர் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு உங்கள் வயதையும் உங்கள் ஒவ்வாமைகளையும் பார்த்துத்தான் சிகிச்சை செய்யும். அதே நிகழ்வில் 10 கி.மீ. பிரிவும் இருக்கிறது, அதற்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மீண்டும் கேட்டவர்: வெள்ளைப்பாறை

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இயன்முறை மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்தேன். பதில் 1இல் சொன்னது போலத் தொடைப் பட்டைதான் என்றார். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, மேடு பள்ளமான பாதையில் 15 கி.மீ. வலியின்றி ஓட முடிந்தால் எக்சீட் வரை முயல்வது, முடியாவிட்டால் ஓடவே போவதில்லை என்று முடிவு செய்து நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். நான் பயந்ததற்கு மாறாக மூவருக்கும் நிம்மதிதான். ‘சேர்ந்தே முடிப்போம்’ என்ற பேச்சு, இடுப்பு வலியை மறைத்துக்கொண்டிருந்த இன்னொருவரையும் இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்ததாம். இப்போது எக்சீட்டில் பேருந்துக்குக் காத்திருக்கப்போவது இருவராகக்கூட இருக்கலாம். எனவே டவுன்ஸ் கிழவன் ஐயாவிடம் ஒரு கேள்வி: அங்கே மழைக்கு ஒதுங்க இடம் உண்டா, அல்லது முதுகுப்பையில் கனத்த மேலாடை எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 4: டவுன்ஸ் கிழவன்

மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று நேரே கடலிலிருந்து வரும். ஓடி வியர்த்த உடம்பு நின்ற ஐந்தாவது நிமிடத்தில் நடுங்கத் தொடங்கிவிடும். ஆளுக்கு ஒன்று என்று இரண்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.