14 அடி வண்டிக்குப் பட்டறையிலேயே இரும்பு பம்பர்: எந்த சேனல், எவ்வளவு தடிப்பு?

துறைமுக_லோடு31:
கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்தில் மீன் லோடு அடிக்கும் 14 அடி வண்டி, ஜி.வி.டபிள்யூ. (வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை) 7.5 டன். ஐஸ் தண்ணி ஒழுகியே பின் பம்பர் போச்சு. கீழ் விளிம்பை விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிர்கிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று சோதனை) முன்னால் பட்டறையில் புதிதாக அடிக்கணும். அப்படியே முன்னாலும் 5 மி.மீ. தகட்டில் கனமாக ஒன்று, மேலே ரெண்டு இன்ச் பைப்போடு போடலாம் என்று எண்ணம். காலி வண்டியில் சேசிஸ் அடி விளிம்பு தரையிலிருந்து 780 மி.மீ. பின் டயர் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் 1,900 மி.மீ. என்ன சேனல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்), எத்தனை போல்ட்? வெல்டிங் ராடு எது?

மேட்டுப்பாளையம்_பட்டறை:
முன்பக்கத்தை முதலில் பேசி முடிச்சிடலாம் தம்பி: வேண்டாம். புல் பார், கிராஷ் கார்டு என்று முன்னால் மாட்டுகிற இந்த மாதிரி கனமான சட்டங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். கடலூர் வண்டிக்கும் இதுதான், பாண்டி வண்டிக்கும் இதுதான்.

சட்டத்தை விடுங்க, கணக்கைப் பாருங்க. 5 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோ. 1.9 மீட்டர் நீளம், 45 செ.மீ. உயரம் என்றால் தகடு மட்டும் 33 கிலோ சொச்சம். பைப், பிராக்கெட் எல்லாம் சேர்ந்தால் அதுபோல இன்னொரு பங்கு. அத்தனையும் முன் ஆக்ஸிலுக்கு முன்னால் தொங்கும். ரேடியேட்டருக்குப் போற காற்றையும் மறைக்கும். இடித்தால் நசுங்க வேண்டியது பம்பர். அது நசுங்காவிட்டால் அந்த அடி சேசிஸ் மூக்குக்கும் கேபின் மவுண்டிங்குக்கும் போகும். எதிரே வந்தவர் கதி அதைவிட மோசம். பழைய பம்பர் அழுகியிருந்தால் அதே வடிவத்தில், அதே மவுண்டிங் ஓட்டைகளில், கம்பெனி போட்ட அதே தடிப்பில் மாற்றுங்க. அது ரிப்பேர் கணக்கு.

சேசிஸ்_சேனல்:
பின்பக்கம் வேறு கதை. உங்கள் எடை வண்டிக்கு அது அலங்காரமில்லை. கார், பைக் அடியில் புகாமல் தடுக்கிற கட்டாயப் பாதுகாப்பு. ஐ.எஸ். 14812 என்று தரமே இருக்கிறது. அப்ரூவல் முத்திரையோட ரெடிமேட் செட் கிடைத்தால் அதையே வாங்குங்க, எஃப்.சி.யில் பேச்சே இருக்காது. இல்லை, அடித்தே ஆகணும் என்றால்:

காலி வண்டியில் பம்பர் அடி விளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 520-ல் வையுங்க. அகலம் பின் ஆக்ஸிலைத் தாண்டக்கூடாது, பக்கத்துக்கு 100 மி.மீ.க்கு மேல் குறையவும் கூடாது. உங்களுக்கு 1,700-லிருந்து 1,900 வரை; 1,850 வெட்டுங்க. குறுக்குச் சட்டம் 100 மி.மீ. உயரமாவது வேண்டும். 125 × 65 சேனல் போட்டால் மீட்டருக்குச் சுமார் 13 கிலோ, மொத்தம் 24 கிலோதான். முதுகு பின்னால் பார்க்கணும். முனைகளைப் பின்பக்கம் வளைக்காதீங்க, கூர் விளிம்பை உருட்டித் தேய்த்துவிடுங்க.

எல்லாரும் சட்டத்தைக் கனமாக்கிட்டு பிராக்கெட்டில் கோட்டை விடுவார்கள். தரத்தின் சோதனையில் பெரிய விசை, ஒரே புள்ளியில் வண்டி மொத்த எடையில் பாதி. உங்களுக்கு 37 கிலோ நியூட்டன். போல்ட் வரிசைக்கும் சேனல் நடுவுக்கும் 300 மி.மீ. இறக்கம் வருகிறது, ஆக பிராக்கெட்டில் 11 கிலோ நியூட்டன் மீட்டர் வளைவு. 150 அகலம், 8 மி.மீ. தகடு என்றால் அழுத்தம் 370 மெகா பாஸ்கல். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) 250-லேயே மடங்கிவிடும். அதே பிராக்கெட்டை 200 அகலம், 10 மி.மீ. ஆக்கினால் 167-தான். அதோடு சேனல் பக்கத்திலிருந்து முன்னோக்கி மேலேறி சேசிஸ் பக்கவாட்டில் சேர்கிற மாதிரி 50 × 50 × 6 ஆங்கிளில் சாய்வுக் கை ஒன்று, ரெண்டு பக்கமும்.

மேட்டுப்பாளையம்_பட்டறை:
அண்ணன் கணக்கு சரி. வெல்டிங் பக்கம் நான் சொல்றேன். பிராக்கெட், சேனல் சேருமிடம் சுற்றிலும் 6 மி.மீ. ஃபில்லெட் (மூலை வெல்டு). ராடு 7018, 3.15 மி.மீ., டிசி மெஷினில் 110-லிருந்து 130 ஆம்ப். நம்ம கடற்கரைக் காற்றில் பாக்கெட் பிரித்து நாலு நாள் கிடந்த 7018-ஐ அப்படியே ஓட்டினால் வெல்டுக்குள் பொத்தல் விழும், விரிசலும் வரும். 300 டிகிரியில் ரெண்டு மணி நேரம் சூடாக்கி எடுக்கணும். 6013 ராடை அந்தச் சூட்டில் வைக்காதீங்க, பூச்சு கெட்டுப்போகும்.

முதலில் எல்லாம் டேக், அதாவது சின்னச் சின்னப் பொட்டு வெல்டு மட்டும். வண்டியில் தூக்கி மாட்டி அளவு பார்த்துக் கழற்றியபிறகு முழு வெல்டு, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் ஒரு பக்கம் ஓட்டினால் பிராக்கெட் இழுத்துக்கிட்டு, மறுபடி மாட்டும்போது போல்ட் ஓட்டை சேராது.

துறைமுக_லோடு31:
நன்றி அண்ணே. பிராக்கெட்டை நேராக சேசிஸிலேயே வெல்டு வைத்தால் என்ன? துரு பயத்துக்கு எஸ்.எஸ். போல்ட் போடலாமா?

சேசிஸ்_சேனல்:
ரெண்டும் வேண்டாம். வெல்டு சூடு பட்ட ஓரத்தில்தான் சேசிஸில் விரிசல் ஆரம்பிக்கும். மேல், கீழ் மடிப்புகளில் ஓட்டையும் போடாதீங்க, இழுவிசை அங்கேதான் அதிகம். பக்கத் தகட்டில் கம்பெனி விட்ட ஓட்டைகளைப் பயன்படுத்துங்க. புது ஓட்டை தேவைப்பட்டால் டிரில் மட்டும், கேஸ் கட்டிங் கூடாது. கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்.எஸ். போல்ட் 8.8 கிரேடு இரும்பு போல்ட்டை விட வலுக் குறைவு, மரையும் கடித்துக்கொள்ளும். பக்கத்துக்கு நாலு எம்14, 8.8 கிரேடு, கால்வனைஸ் பண்ணியது, கனமான வாஷர், லாக் நட்டோட. உலர்ந்த மரையில் 130 நியூட்டன் மீட்டர் முறுக்கு. எண்ணெய் தடவினால் குறைச்சுக்கணும். வண்டியில் மாட்டி டேக் வைக்கும்போது பேட்டரி, ஈ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டர் ரெண்டையும் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டு பக்கத்திலேயே கடிக்க விடுங்க.

மேட்டுப்பாளையம்_பட்டறை:
பெயின்ட் பற்றி யாரும் சொல்லலையே. மீன் வண்டிக்கு வெறும் ரெட் ஆக்ஸைடு தாங்காது. நல்ல தண்ணியில் உப்பைக் கழுவி, காயவைத்து, பளபளன்னு தேய்த்தபிறகு ஜிங்க் எபாக்ஸி பிரைமர், மேலே எபாக்ஸி, கடைசியில் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட். சேனலின் கீழ் மடிப்பில் தண்ணி தேங்கும், அடிக்கு ஒரு 12 மி.மீ. ஓட்டை, பெயின்டுக்கு முன்னாடியே போடணும். ஐஸ் தண்ணி வடியும் குழாயையும் நீட்டி பம்பரில் படாமல் விழ வையுங்க, இல்லாவிட்டால் எந்தப் பெயின்டும் நிற்காது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப், ஏஐஎஸ் 090 தர முத்திரை உள்ளதாகப் பார்த்து ஒட்டுங்க. நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் சேனலுக்குப் பின்னால் மறையாமல் இருக்கான்னு பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே பத்தடி தள்ளி நின்னு பார்த்துடுங்க.