புதுப்பிப்பு: ‘இன்செல்’ வீடியோக்களில் மூழ்கிய தம்பி

22 வயதுத் தம்பி அறையைப் பூட்டிக்கொண்டு, ‘இன்செல்’ (காதலோ துணையோ கிடைக்காததற்குப் பெண்களையே குறை சொல்லும் ஆண்களின் இணையக் கூட்டம்) ஆட்கள் பெண்களைத் திட்டும் வீடியோக்களே கதியென்று கிடக்கிறான், முக லட்சணம் போதாதென்று ஸ்கேல் வைத்துத் தாடையை அளக்கிறான் என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் போனைப் பிடுங்கினோம். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் பழைய போனைத் தேடி எடுத்துக்கொண்டான். வாதாடியதும் வீண். பலித்தது, “அறிவுரை வேண்டாம், கைக்கு வேலை கொடுங்கள்” என்ற யோசனைதான். மாலையில் மாமாவின் டூவீலர் பட்டறைக்கு அனுப்பினோம். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இப்போது கார்புரேட்டர் கழற்றுகிறான், பசங்களோடு டீக்கடைக்கும் போகிறான்.

எதிர்பாராதது ஒன்று: இந்த ‘இன்செல்’ சமாச்சாரம், 1997-இல் கனடாவில் ஒரு பெண் தனிமையில் வாடும் இருபாலருக்குமாகத் தொடங்கிய இணையதளத்தில் முளைத்தது என்று இங்கே ஒருவர் சொல்லியிருந்தார். அதைக் காட்டியதும், “பொண்ணா ஆரம்பிச்சுது?” என்றான். பல மாதங்களில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. வீடியோ பார்ப்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை.